நாசா பணம் கொடுத்தால் ராக்கெட் யாருக்குச் சொந்தம்?

"நாசா ஸ்பேஸ்எக்ஸுக்கு இத்தனை கோடி டாலர் கொடுத்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இது மானியமா, விலைக்கு வாங்குவதா? அந்த ராக்கெட் கடைசியில் யாருக்குச் சொந்தம்? தனியாரிடம் விட்டால் நிஜமாகவே செலவு குறைகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: காரியம் கெட்டுப்போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? விண்வெளி ஒப்பந்தங்களைப் படித்துப் பழகியவர்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தனியார் நிறுவனங்கள் விண்வெளிக்குப் புதிதாக வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போலோ காலத்திலேயே நிலவில் இறங்கிய கலத்தைக் கட்டியது கிரம்மன் நிறுவனம். சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கைக் கட்டியது போயிங். மாறியிருப்பது ஒப்பந்தத்தின் வகைதான். அந்தக் காலத்து முறையில் நாசா தனக்கு வேண்டிய வடிவமைப்பைத் தானே தீர்மானிக்கும். நிறுவனம் அதைக் கட்டும். ஆன செலவு முழுவதையும் நாசா கொடுத்து, அதற்கு மேல் ஒரு லாபத் தொகையையும் சேர்த்துத் தரும். முடிவில் பொருள் நாசாவுக்குச் சொந்தம். இதைத்தான் காஸ்ட் பிளஸ் என்பார்கள். செலவு ஏறினால் ஏற்றம் அரசின் கணக்கில் போகும் என்பதால், அதைக் குறைக்க நிறுவனத்துக்குப் பெரிய அவசரம் இருக்காது. மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரியன் கலமும் இந்த முறையில் வந்தவை. முதல் நான்கு ஆர்ட்டெமிஸ் பயணங்களில் ஒவ்வொன்றுக்கும், தரைக் கட்டமைப்பு உட்பட, 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. அதற்காக இந்த முறையே மோசம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத வேலைக்கு எந்த நிறுவனமும் நியாயமான மொத்த விலை சொல்லாது. சொன்னால் ஒன்று பயந்து ஏற்றிச் சொல்லும், இல்லையென்றால் வேலை கிடைக்க வேண்டுமென்று குறைத்துச் சொல்லும்.

இன்னொரு முறை, தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவது, அதாவது நிலையான விலை. 2006-இல் நாசா தொடங்கிய காட்ஸ் என்ற திட்டம் இதற்கு நல்ல பாடம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் திறனை வளர்க்க ஸ்பேஸ்எக்ஸுக்கு 27.8 கோடி டாலர், ராக்கெட்பிளேன் கிஸ்ட்லருக்கு 20.7 கோடி டாலர் என்று ஒதுக்கினார்கள். வழக்கமான அரசுக் கொள்முதல் விதிகளின்படி போடப்பட்ட ஒப்பந்தம் அல்ல இது. நாசாவை உருவாக்கிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அதிகாரத்தில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு. அதனால் ஆவணப் பக்கங்களும் குறைவு, தலையீடும் குறைவு.

அதற்குள் பணம் எப்படி நகர்ந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. உடன்பாட்டின் பின்னிணைப்பில் மைல்கற்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், எதைக் காட்டினால் அது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்ற அளவுகோல், முடிய வேண்டிய மாதம், அதற்கான தொகை. வடிவமைப்பு ஆய்வு, எஞ்சின் சோதனை, செய்முறைப் பறப்பு என்று அது போகும். அளவுகோலைத் தொட்டால் முழுத் தொகை, தொடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஒரு மைல்கல்லுக்கு அதிகம் செலவானால் மிச்சம் நிறுவனத்தின் பொறுப்பு. குறைவாக ஆனால் மிச்சம் அதற்கே. பலர் கவனிக்காத ஒன்று, வெளியிலிருந்து முதலீடு திரட்டுவதும் அந்தப் பட்டியலில் ஒரு மைல்கல்லாக இருந்தது. நாசா தன் பணத்தை மட்டும் நம்பி நிற்கும் நிறுவனத்தை விரும்பவில்லை. கிஸ்ட்லர் விழுந்ததும் இங்கேதான். முதலீடு குறித்த காலத்தில் வரவில்லை. 2007 அக்டோபரில் உடன்பாட்டை ரத்து செய்தார்கள். அதுவரை கொடுத்திருந்தது சுமார் 3.2 கோடி டாலர்தான். மிச்சப் பணத்திலிருந்து 2008 பிப்ரவரியில் ஆர்பிட்டல் சயின்சஸ் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு 17 கோடி ஒதுக்க முடிந்தது. ஒரு பங்காளி தோற்றும் திட்டம் நிற்காமல் ஓடியதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். பின்னால் கூடுதல் சோதனைகளுக்காகத் தொகைகளை உயர்த்தினார்கள். முடிவில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 39.6 கோடி, ஆர்பிட்டலுக்கு 28.8 கோடி. நாசாவின் கணக்குப்படி மொத்த வளர்ச்சிச் செலவில் பாதிக்கு மேல் நிறுவனங்கள் போட்ட பணம்.

மைல்கல் முறையில் ஒரு ஓட்டை உண்டு. நிறுவனங்கள் ஆய்வுக் கூட்டங்களையும் ஆவணங்களையும் முன்னால் வைத்து, பெரிய தொகைகளை அவற்றோடு கட்டப் பார்க்கும். எஞ்சினை நிஜமாக எரித்துச் சோதிப்பதற்கு முன்பே பாதிப் பணம் போய்விட்டால், அரசின் கையிலிருக்கும் பிடி தளர்ந்துவிடும். எனவே இப்படிப்பட்ட உடன்பாட்டைப் பார்க்கும்போது மொத்தத் தொகையைவிட, அதில் எவ்வளவு பங்கு நிஜமான சோதனைகளோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

அடுத்தது, நாசா எதைக் கேட்டது என்பது. விண்கலத்துக்குள் எந்தக் கணினி, எந்த உலோகம், எந்த வால்வு என்று அது கட்டளையிடவில்லை. நிலையத்தோடு கலம் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் கறாராக நின்றது: எந்த வழியில் நெருங்க வேண்டும், எங்கெங்கே நின்று அனுமதி வாங்க வேண்டும், கருவி பழுதானால் நிலையத்தில் மோதாமல் எப்படி விலக வேண்டும். 2012 மே 25 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் முதல்முறை நிலையத்தை நெருங்கியபோது, தூரத்தை அளக்கும் லேசர் கருவிக்கு நிலையத்திலுள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த எதிரொளி குழப்பம் தந்தது. கலத்தைப் பின்வாங்கச் செய்து, பொறியாளர்கள் அந்தக் கருவியின் பார்வைப் பரப்பைக் குறுக்கி மறுபடி நெருங்க வைத்தார்கள். பிறகு நிலையத்திலிருந்த விண்வெளி வீரர் டான் பெட்டிட் இயந்திரக் கையால் அதைப் பிடித்தார். கருவி நிறுவனத்துடையது, அதைத் திருத்தியதும் அவர்களே. நெருங்கலாமா கூடாதா என்பதற்கான விதி நாசாவுடையது. இந்தப் பிரிவினை தெளிவாக இருந்ததால்தான் இரண்டு பக்கமும் வேலை ஓடியது.

இனி மானியமா என்ற கேள்விக்கு வருவோம். வளர்ச்சிக் கட்டத்தில் நாசா கொடுத்ததை உதவி என்று சொன்னால் தப்பில்லை. அந்தப் பணத்தில் உருவான பொருள் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கிறது. ஆனால் 2008 டிசம்பர் 23 அன்று அறிவித்த சரக்கு ஒப்பந்தங்கள் சுத்தமான கொள்முதல்: ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணங்களுக்கு 160 கோடி டாலர், ஆர்பிட்டலுக்கு 8 பயணங்களுக்கு 190 கோடி. அன்றைக்கு ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் ஒருமுறைகூடப் பறந்திருக்கவில்லை. அதன் முதல் பயணம் 2010 ஜூன் 4 அன்றுதான். பறக்காத ராக்கெட்டில் 12 பயணங்களை வாங்கியது பெரிய பந்தயம். என் கணிப்பில், நாசா கொடுத்தவற்றிலேயே மதிப்பு மிக்கது இந்த நிச்சயமான வாடிக்கையாளர் என்ற அந்தஸ்துதான். வங்கியும் முதலீட்டாளரும் நம்பிப் பணம் போடுவது அதைப் பார்த்துத்தான். பொறியாளர்களின் நேரமும் ஏவுதள வசதியும் பழைய சோதனைத் தரவுகளும் அதற்கு மேல் கிடைத்தவை. அவற்றுக்கு விலை போட்டுச் சொல்வது கடினம்.

சொந்தம் யாருக்கு என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஃபால்கன் 9, டிராகன் இரண்டும் ஸ்பேஸ்எக்ஸின் சொத்து. அதனால்தான் 2021 செப்டம்பரில் இன்ஸ்பிரேஷன் 4 என்ற தனியார் பயணத்தை அவர்களால் விற்க முடிந்தது. ஆனால் 2024 ஜூனில் 84.3 கோடி டாலர் வரை மதிப்புள்ளதாக அறிவிக்கப்பட்ட இன்னொரு ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆயுள் முடிந்த விண்வெளி நிலையத்தைக் கடலில் இறக்கும் கலத்தை ஸ்பேஸ்எக்ஸ் கட்டும். கட்டி முடித்ததும் அது நாசாவின் சொத்து, இயக்குவதும் நாசாதான். ஒரே ஒரு தடவை பயன்படும், வேறு யாரும் வாங்கப் போவதில்லை என்ற பொருளை நிறுவனத்தின் பெயரில் வைத்திருப்பதில் இருவருக்கும் லாபமில்லை.

செலவு குறைகிறதா? சரக்குப் பயணத்தில் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். ஃபால்கன் 9-ஐத் தன் பழைய முறையில் உருவாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாசா தன் செலவு மாதிரியில் போட்டுப் பார்த்தது. 2011-இல் வெளியான அந்தக் கணக்கில் சுமார் 400 கோடி டாலர் என்று வந்தது. ஸ்பேஸ்எக்ஸ் காட்டிய செலவு சுமார் 30 கோடி. இந்த ஒப்பீட்டை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. மாதிரி என்பது பழைய திட்டங்களின் சராசரி. மேலும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனத்தின் உள்கணக்கை வெளியிலிருப்பவர்களால் சரிபார்க்க முடியாது. அரசு கொடுத்த விலை எவ்வளவு என்று தெரியும். அந்த விலையில் நிறுவனத்துக்கு லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் ஊகம்.

மனிதர்களைக் கொண்டுபோகும் திட்டத்தில் படம் இன்னும் சிக்கலானது. 2014 செப்டம்பரில் போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர். வளர்ச்சி, சான்றிதழ், செய்முறைப் பறப்பு, அதற்கு மேல் ஆறு பயணங்கள் வரை எல்லாம் இதில் அடக்கம். ஓர் இருக்கைக்கு ஸ்பேஸ்எக்ஸில் சுமார் 5.5 கோடி, போயிங்கில் சுமார் 9 கோடி என்று தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019-இல் கணக்கிட்டது. ரஷ்யாவின் சோயுஸில் கடைசிக் காலத்தில் 8 கோடிக்கு மேல் போயிருந்தது. ஆக ஒன்று மலிவு, இன்னொன்று மலிவு இல்லை. ஒரே திட்டம், ஒரே விதிகள், ஆனால் விளைவு நேர்மாறு. இதை மறந்துவிட்டு "தனியார் என்றால் மலிவு" என்று பொதுவாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

போயிங்கின் ஸ்டார்லைனர் கலத்தில் என்ன நடந்தது என்பதை விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் நிலையான விலை ஒப்பந்தத்தின் பலமும் பலவீனமும் இரண்டும் அங்கே இருக்கின்றன. 2019 டிசம்பரில் ஆளில்லாமல் போன முதல் பயணத்தில், கலத்தின் கடிகாரம் ராக்கெட்டிலிருந்து நேரத்தைத் தவறான கட்டத்தில் எடுத்துக்கொண்டு 11 மணி நேரம் பிசகியது. அதனால் உந்துகருவிகள் தப்பான நேரத்தில் எரிந்து எரிபொருளை அளவுக்கு மேல் தீர்க்க, கலம் நிலையத்தை எட்டவே இல்லை. ஏவுதலிலிருந்து இணைப்பு வரை மென்பொருளை ஒரே ஓட்டமாகச் சோதிக்காமல் துண்டு துண்டாகச் சோதித்தது அடிப்படைக் கோளாறு. மறுபடி பறக்க வேண்டிய செலவுக்காக போயிங் தன் கணக்கில் 41 கோடி டாலர் நஷ்டம் எழுதியது. நாசா அதற்குத் தனியாகப் பணம் தரவில்லை. ஒப்பந்தம் தன் வேலையைச் செய்தது. 2021-இல் வால்வுகள் ஒட்டிக்கொண்டு அடுத்த முயற்சி நின்றது. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போனபோது ஹீலியம் கசிந்தது, நெருங்கும் வேளையில் ஐந்து சிறு உந்துகருவிகள் செயலிழந்தன. கலத்தை ஆளில்லாமல் திருப்பி அனுப்ப ஆகஸ்டில் முடிவெடுத்தது நாசா. அவர்கள் இருவரும் 2025 மார்ச்சில் டிராகனில் திரும்பினார்கள். போயிங்கின் மொத்த நஷ்டம் 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இதில் வரி செலுத்துபவரின் பணம் ஓரளவு காக்கப்பட்டது உண்மை. ஆனால் முழுக்கக் காக்கப்படவில்லை. தொகை நிலையானது என்று சொல்லிவிட்டு, பயணங்களுக்கு இடையே இடைவெளி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக நாசா போயிங்குக்கு மேலும் 28.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை அதே ஆய்வாளர் அலுவலகம் சுட்டிக்காட்டியது. போயிங் அந்த முடிவை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை. இதிலிருந்து தெரிவது, அரசுக்கு விலகிப்போக வழியில்லாத இடத்தில் நிலையான விலை முழுக்க நிலையாக இருக்காது என்பதுதான். அதனால்தான் இரண்டு நிறுவனங்கள் வேண்டும் என்று நாசா பிடிவாதம் பிடித்தது. டிராகன் இல்லாதிருந்தால் 2024-இல் எடுத்த முடிவை எடுக்கவே முடிந்திருக்காது. ஸ்பேஸ்எக்ஸும் தடுமாறாமல் வரவில்லை. 2019 ஏப்ரலில் தரைச் சோதனையின்போது டிராகன் ஒன்று வெடித்துச் சிதறியது. ஹீலியம் குழாய்க்குள் கசிந்திருந்த, எரிதலுக்கு உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற திரவம், அழுத்தம் ஏறியபோது டைட்டானியம் வால்வில் மோதித் தீப்பற்றியிருக்கிறது. அந்த வால்வுக்குப் பதில் அழுத்தத்தில் உடையும் தகடுகளைப் பொருத்தினார்கள்.

விபத்தில் சரக்கு போனால் என்ன? இங்கே பலரும் எதிர்பார்க்காத விடை: சரக்கு நாசாவுடையது என்றால் நஷ்டமும் பெரும்பாலும் நாசாவுடையதே. 2015 ஜூன் 28 அன்று ஃபால்கன் 9 சிதறியபோது, நிலையத்தில் பொருத்த வேண்டியிருந்த இணைப்பு வளையமும் அழிந்தது. அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் அடுக்கின் ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் குப்பியைத் தாங்கிய எஃகுத் தாங்கி ஒன்று, தாங்க வேண்டிய சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்கே உடைந்துவிட்டது என்றது ஸ்பேஸ்எக்ஸ். தொழிற்சாலைத் தரத்திலான வார்ப்புப் பாகத்தைப் போதிய தரச் சோதனையும் பாதுகாப்பு விகிதமும் இல்லாமல் பயன்படுத்தியது வடிவமைப்புத் தவறு என்று நாசாவின் தனி ஆய்வு சொன்னது. ஒரே பாகம், இரண்டு விதமான காரணம். கலத்தின் உள்ளே தலையிடாத உறவில் இந்தத் தனி ஆய்வு உரிமையை விட்டுக்கொடுக்கவே கூடாது. அதற்கு முன், 2014 அக்டோபரில் ஆர்பிட்டலின் ஆண்டாரஸ் ராக்கெட் வெடித்தபோது, நிறுவனம் தன் கலத்தை வேறு நிறுவனத்தின் அட்லஸ் 5 ராக்கெட்டில் இரண்டு முறை அனுப்பி வாக்கைக் காப்பாற்றியது. ஒப்பந்தம் ராக்கெட்டின் பெயரைக் கட்டாயமாக்காமல் 20 டன் சரக்கு என்ற அளவைக் கேட்டதால்தான் அந்த வழி திறந்திருந்தது.

நிலவுக்குச் சிறு கருவிகளைக் கொண்டுபோகும் சிஎல்பிஎஸ் திட்டத்தில் நாசா தோல்வியைத் தெரிந்தே விலைக்குள் வைத்தது. 2024 ஜனவரியில் ஆஸ்ட்ரோபாட்டிக்கின் பெரிகிரின் கலத்தில் ஒரு ஹீலியம் வால்வு சரியாக மூடாமல் தொட்டி வெடிக்க, இறங்கும் வாய்ப்பே போனது. அடுத்த மாதம் இன்டியூட்டிவ் மெஷின்ஸின் ஒடிசியஸ் இறங்கியும் சாய்ந்தது. 2025 மார்ச் 2 அன்று ஃபயர்ஃபிளையின் புளூ கோஸ்ட் நேராக நின்றது. இவை ஒவ்வொன்றும் சுமார் 10 முதல் 12 கோடி டாலர் ஒப்பந்தங்கள். பறப்பதற்கு முன்பே உதிர்ந்தவையும் உண்டு: ஆர்பிட்பியாண்ட் 2019-இல் வேலை கிடைத்த இரண்டே மாதத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தது, மாஸ்டன் 2022-இல் திவாலானது. மலிவான கருவிகளை அனுப்ப இந்தக் கணக்கு ஒத்துவரும். பத்தாண்டு உழைத்து உருவாக்கிய ஒரே ஒரு கருவியை இப்படி அனுப்பலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தொழில்நுட்பமே கைக்கு வராத இடத்தில் கூட்டு எப்படிச் சிதறும் என்பதற்குப் பழைய உதாரணம் எக்ஸ்-33. 1996-இல் நாசாவும் லாக்ஹீட் மார்ட்டினும் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒரே அடுக்கில் சுற்றுப்பாதைக்குப் போகும் வாகனத்துக்கு முன்மாதிரி கட்டத் தொடங்கினார்கள். திரவ ஹைட்ரஜனுக்கான கூட்டுப்பொருள் (காம்போசிட்) தொட்டி 1999 நவம்பர் சோதனையில் தோற்றது. சுவரில் விழுந்த நுண் விரிசல்கள் வழியே, சுவருக்குள் இருந்த தேன்கூடு போன்ற அறைகளுக்குள் ஹைட்ரஜன் புகுந்தது. தொட்டி சூடேறியதும் உள்ளே அழுத்தம் ஏறி வெளித் தகடு பிய்ந்தது. 2001-இல் திட்டத்தைக் கைவிட்டபோது நாசா சுமார் 90 கோடி டாலரும் நிறுவனம் சுமார் 36 கோடி டாலரும் செலவிட்டிருந்தன. சரக்குக் கலத்தில் வென்ற முறை இங்கே ஏன் தோற்றது என்றால், டிராகனுக்குத் தேவையான அறிவு ஏற்கனவே உலகத்தில் இருந்தது. இந்தத் தொட்டிக்குத் தேவையானது இல்லை.

எல்லா முகமைகளும் நாசா வழியில் போகவில்லை. இஸ்ரோ ஏற்கனவே தானே உருவாக்கி முடித்த வடிவமைப்பைத் தொழில்துறைக்குக் கைமாற்றுகிறது. சிறு செயற்கைக்கோள்களை ஏவும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வென்றது. இங்கே கண்டுபிடிப்பின் ஆபத்து குறைவு. தரம் குறையாமல் தொடர்ந்து செய்வதும் வாடிக்கையாளரைத் தேடுவதும்தான் நிறுவனத்தின் சுமை. ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்ஸா வேறு விதம். கைவிடப்பட்ட தன் பழைய ராக்கெட் அடுக்கு ஒன்றை நெருங்கிப் படம் எடுத்துத் தரும் வேலையை ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்திடம் கொடுத்தது. அவர்களின் கலம் 2024-இல் அதை 15 மீட்டர் வரை நெருங்கியது.

சொத்து தனியாருடையதாக இருந்தாலும் பொறுப்பு முழுக்கத் தனியாருக்குப் போய்விடாது. 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி ஒரு நாட்டின் நிறுவனம் விண்ணில் செய்வதற்கு அந்த நாடே பொறுப்பு. தரையில் விழுந்து சேதம் செய்தால் இழப்பீடு கேட்பதும் ஏவிய நாட்டிடமே. அதனால்தான் அமெரிக்காவில் உரிமம் வாங்கும் நிறுவனம் மூன்றாம் தரப்புக்கு 50 கோடி டாலர் வரம்புக்குள் காப்பீடு எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒரு எல்லை வரை அரசு தாங்கும்.

இனிமேல் இப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்தால், தலைப்பில் இருக்கும் தொகைக்கு முன்னால் "வரை" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது உச்ச மதிப்பு. நிச்சயமாக ஆர்டர் செய்யப்பட்ட பகுதி அதைவிடச் சிறியதாக இருக்கும். பிறகு பொருள் யாருக்குச் சொந்தம், நிறுவனம் தன் பங்காக எவ்வளவு போடுகிறது, அரசைத் தவிர வேறு வாடிக்கையாளர் இருக்கிறாரா, இரண்டாவது நிறுவனம் உண்டா என்று தேடுங்கள். நாசா 2021-இல் நிலவு இறங்குகலத்துக்கு 289 கோடி டாலரில் ஸ்பேஸ்எக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் தந்த நிதி இரண்டு நிறுவனங்களுக்குப் போதவில்லை. 2023-இல் 340 கோடி டாலரில் புளூ ஆரிஜினைச் சேர்த்த பிறகுதான் இரண்டாவது நிறுவனத்தின் இடம் நிரம்பியது.